எண்ணெயை எடை போட்ட சமையலறை

சென்ற மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள். மேசைமேல் ஒரு ஏர் ஃப்ரையர் இருந்தது. அதைக் காட்டி ஒரு பெண் கேட்டாள்: "இது வந்த பிறகு நோயாளிங்களுக்குப் பொரிக்கிறதப் பத்திச் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லீங்க மேடம். இது இல்லாத காலத்துல நீங்க என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நானும் கொஞ்ச நேரம் ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொன்னதைவிட விட்டுப்போனதுதான் அதிகம் என்று பட்டது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் மனையியல் படித்தவள். அதற்குமேல் உணவியலில் ஒரு பட்டயம், ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி. அந்தப் படிப்பில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது 'தவிர்க்கவும்' என்ற சொல்லை. சர்க்கரை தவிர்க்கவும், உப்பு தவிர்க்கவும், பொரித்த உணவு தவிர்க்கவும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாகச் சேர்ந்தபோது அந்தச் சொல்லோடுதான் போனேன்.

அங்கே எங்கள் பிரிவுக்குத் தலைவி திலகவதி மேடம். ஒல்லியான உருவம், காட்டன் சேலை, தோளில் மடித்துக் குத்திய முந்தானை. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தாலும் ஸ்டூலைத்தான் இழுத்துப்போட்டு உட்காருவார். படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராக முகம் இருக்க வேண்டும் என்பார். முதல் கேள்வி நோயைப் பற்றி இருக்காது. "ஏனுங்க, ஊட்டுல யாரு சமைக்கிறாங்க?" என்பதுதான். சமைக்கிறவர் வரும்வரை உணவு முறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மகன் பொறுப்பான வேலையில் இருப்பவராக இருக்கலாம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்ளலாம். "சமைக்கிறவங்களக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

சேர்ந்த வாரத்திலேயே நான் ஒருவருக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சுப்போட்டு அவங்க என்ன செய்வாங்கன்னு நெனைக்கிறே?" என்று கேட்டார்.

"பொரிக்கிறத நிறுத்துவாங்க மேடம்."

"சரி. ஊருக்குப் போயிக் கொஞ்ச நாள் நிறுத்துவாங்க. அப்புறம்?"

அவர் என்னை டயட் கிச்சனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோயாளிகளுக்குச் சமைக்கும் பெரிய சமையலறையின் ஓரத்தில் எங்களுக்கென்று ஒரு மேடை, ஒரு அடுப்பு, ஒரு தராசு. வடச்சட்டியை எண்ணெயோடு தராசில் வைத்தார். எடையைக் குறித்துக்கொண்டார். அடுப்பை மிதமாக எரியவிட்டு, எண்ணெய் காய்வதற்கு முன்பே உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சட்டி நிறையப் போட்டார். அவை சத்தமில்லாமல் எண்ணெயில் கிடந்தன. வெந்ததும் எடுத்தார். ஆறியபின் சட்டியை மறுபடி தராசில் வைத்தார்.

இரண்டாம் முறை அதே அளவு கிழங்கு. இந்த முறை துண்டுகளைத் தண்ணீரில் அலசி மாவைப் போக்கி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்தார். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சிறு துண்டைப் போட்டார். அது அடியில் போய்த் தங்காமல் சலசலவென்று உடனே மேலே வந்தது. அதன் பிறகுதான் மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். எடுத்ததைச் சட்டிக்கு மேலேயே கண்கரண்டியில் வைத்து நன்றாக உதறினார். சூடு ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே போகிறது, அதனால் வடிப்பதை வெளியே எடுத்த கையோடு செய்துவிட வேண்டும் என்றார். இரண்டு தடவையும் குறைந்த எண்ணெயை ஒப்பிட்டபோது முதல் தடவை கிழங்கு குடித்தது எவ்வளவோ அதிகம்.

"எண்ணெய் காயறதுக்குள்ள அவசரப்பட்டா அது கிழங்குக்குள்ள போயிடும். சோடா போட்டாலும் குடிக்கும், மாவு தண்ணியா இருந்தாலும் குடிக்கும். பொகை வர்ற அளவுக்குக் காஞ்சா அது வேற கெடுதல். இதையெல்லாம் நீ எழுதிக் குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க. செஞ்சு காட்டணும்" என்றார்.

அதன் பிறகு வேலை இல்லாத மதியங்களில் இதையே செய்தோம். முறுக்கு, பஜ்ஜி, பூரி, மீன் என்று ஒவ்வொன்றாக எடை போட்டோம். பணியாரச் சட்டியில் ஒவ்வொரு குழிக்கும் சில சொட்டு எண்ணெய் விட்டு உளுந்துவடை மாவைச் சுட்டுப் பார்த்தோம். மீனில் மசாலா தடவி, தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயோடு மூடி போட்டு வேகவைத்தோம். அப்பளத்தை நெருப்பில் வாட்டினோம். ஒருமுறை காய்ந்த எண்ணெயைத் தாளிக்க மட்டும் எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ தீர்த்துவிடும்படி, சின்ன வடச்சட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரிக்கும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினோம்.

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் சங்கத்துக்காக இதையெல்லாம் செய்து காட்டப் போனோம். தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பணியாரச் சட்டி வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. இது நல்லாத்தான் இருக்குது. ஆனா வடை இல்லீங்க."

மண்டபமே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. திலகவதி மேடம் ஒரு வடையை எடுத்துத் தானும் தின்று பார்த்தார்.

"நீங்க சொல்றது நிசந்தானுங்க. இது வடை இல்லை. வேற ஒரு பேரு வெச்சுக்கலாம். வடை வேணும்னு தோணுற அன்னைக்கு வடையே சுடுங்க. ரெண்டு சாப்பிடுங்க. மத்த நாளைக்கு இதைச் சாப்பிடுங்க" என்றார்.

அந்த அம்மா திருப்தியோடு உட்கார்ந்தார். பொய்யான ருசியை மெய்யென்று சொல்லி விற்கக்கூடாது என்பது மேடத்தின் கொள்கை என்று அன்றைக்குப் புரிந்தது. அவர் அதைக் கொள்கை என்றெல்லாம் சொல்லவில்லை. திரும்பி வரும் பேருந்தில் தூங்கிவிட்டார்.

என் வேலைக்காலத்தில் மறக்க முடியாத கேஸ் இதற்கு ஓரிரு வருடம் கழித்து வந்தது. கோவையிலேயே கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்த கிருஷ்ணசாமி என்பவர். ஐம்பதை ஒட்டிய வயது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம், எங்களிடம் கோவைத் தமிழ். மாரடைப்பு வந்து பைபாஸ் செய்திருந்தார்கள். சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். மதியம் ஒரு வறுவல், சாயங்காலம் பவுண்டரிக்குக் கார் டிரைவர் கொண்டுவரும் சாப்பாட்டு அடுக்கில் பஜ்ஜியோ போண்டாவோ. வருகிறவர்களுக்கும் அதுதான் உபசரிப்பு. "எம் பொண்டாட்டி கை அப்படிங்க" என்றார். சிகரெட்டும் உண்டு. அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா என்று கேட்டதற்கு, "நான் சின்னப் புள்ளைங்க அப்ப. எதுக்குப் போனாருன்னே தெரியாது" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சமைப்பவரை வரச் சொன்னோம். இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் அவருடைய மனைவி சாவித்திரி. இன்னொருவர் அவருடைய அக்கா ரங்கநாயகி, காரமடையில் வாழ்க்கைப்பட்டவர், தம்பிக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று வந்து தங்கியிருந்தார். யார் சமைப்பது என்று திலகவதி மேடம் கேட்டதும் அக்காதான் பதில் சொன்னார்.

"இனிமே நான்தானுங்க. இவ பொரிச்சுப் போட்டதெல்லாம் போதும்."

சாவித்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் சொன்ன எல்லாவற்றுக்கும் ரங்கநாயகி தலையாட்டினார். எண்ணெய் எவ்வளவு என்ற இடத்தில் மட்டும், "டாக்டர் எண்ணெயே கூடாதுன்னுட்டாருங்க" என்று முடித்துவிட்டார்.

சில வாரங்களில் கிருஷ்ணசாமி திரும்பவும் சேர்க்கப்பட்டார். பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்துப் புண் ஆறவில்லை. எடை இறங்கியிருந்தது. சட்டையில் இரண்டு ஆள் நுழையலாம். சாப்பாட்டில் என்ன குறை என்று பார்க்கச் சொல்லி டாக்டர் எங்களை அழைத்தார். நான் போனபோது தட்டில் வேகவைத்த சுரைக்காயும் காய்ந்த சப்பாத்தியும் தொடாமல் இருந்தன.

"பசிக்கலைங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, அக்கா வெளியே போனதும், "ஊட்டுல அடுப்புப் பத்தவெச்ச வாசமே வர்றதில்லீங்க. அவளும் பேசறதில்லை. நான் இருந்து என்னத்துக்குன்னு இருக்குது" என்றார்.

சாவித்திரி மாடிப்படியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, நீங்க ஏன் சமைக்கிறதில்லை?"

"நான் அடுப்படிக்குப் போறதில்லீங்க அம்மணி. பாக்க வர்றவங்கல்லாம் எங்கிட்டக் கேக்குறது ஒண்ணுதான். 'தெனமும் பொரிச்சுப் போட்டியாமே'ன்னு. நானே எங்கையால பண்ணிப்போட்டேன். இனி எந்தக் கையால சமைக்க?"

அழவில்லை. எப்போதோ முடிவாகிவிட்ட விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

திலகவதி மேடத்திடம் வந்து சொன்னேன். அவர் முதலில் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எரிச்சலோடு, "கொறைக்கத்தாங்க சொன்னேன். நிறுத்தச் சொல்லவே இல்லை. இப்ப அவர் சாப்பிட்டாகணும், புரதம் உள்ளே போகணும். என்ன செய்வீங்களோ செய்யுங்க, கொழுப்பு டெஸ்ட்டை மட்டும் விடாம பாத்துக்குவோம்" என்றார். அதன் பிறகு மேடம் இரண்டு பெண்களையும் டயட் கிச்சனுக்கு வரச் சொன்னார். ஊறவைத்த உளுந்தை அரைத்து வைக்கச் சொல்லி எனக்கு வேலை கொடுத்தார்.

ரங்கநாயகி வாசலிலேயே நின்றுகொண்டார். சாவித்திரி மேடைக்கு முன்னால் வந்து நின்று, வடச்சட்டியைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார்.

"வேண்டாமுங்க. நான் பண்ணித்தானே இப்படி ஆச்சு. என்னாலதானுங்களே?"

அது கேள்விதான். அவர் பதிலை எதிர்பார்த்து மேடத்தின் முகத்தைப் பார்த்தார். நான், அப்படியெல்லாம் இல்லை என்று மேடம் ஆறுதல் சொல்வார் என நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எண்ணெய்க்கும் பங்கு இருக்குதுங்க. இல்லைன்னு சொன்னா பொய்யாப் போயிடும். சிகரெட்டுக்கும் பங்கு இருக்குது. உட்கார்ந்தே பாக்குற வேலைக்கும் இருக்குது. எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல டாக்டராலயும் முடியாது, என்னாலயும் முடியாது. நீங்க ஊட்டுல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படி ரெண்டு வடை சுட்டுக் காட்டுங்க. நான் பாக்கோணும்."

சாவித்திரி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மாவைத் தொட்டதும் கை தானாகவே வேலையை எடுத்துக்கொண்டது. மாவை எடுத்துத் தட்டி, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் நழுவவிட்டார். மிச்சமாகும் எண்ணெயை என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். தூக்குப்போசியில் ஊற்றி வைத்து, அடுத்த நாள் அதன்மேலேயே புது எண்ணெயை ஊற்றிக் காய்ச்சுவேன் என்றார்.

"அதுதான் தப்பு. கருத்து, பிசுபிசுன்னு, நுரை கட்டுற எண்ணெய் ஒடம்புக்கு ஆகாது. அதை விட்டுருங்க. மத்தபடி உங்க கை சுத்தம். காஞ்ச பக்குவம் தெரியுது, மாவு கெட்டியா இருக்குது" என்றார் மேடம். திட்டும் பாராட்டும் ஒரே குரலில் வந்தன. சட்டியைத் தராசில் வைத்தபடியே, வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "ஏனுங்க, உங்க தம்பிக்கு ஞாபகம் இல்லைன்னாரு. நீங்க மூத்தவங்க, உங்களுக்குத் தெரியும். உங்க அப்பா எப்படிங்க தவறினாரு?"

விடுபட்டிருந்த ஒரு விவரத்தைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"காரமடைத் தேர் முடிஞ்ச சமயமுங்க" என்றார் ரங்கநாயகி. "காட்டுல தண்ணி கட்டிட்டு வந்து, நெஞ்சக் கரிக்குதுன்னு கெணத்துமேட்டுல உட்கார்ந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

"அப்ப என்ன வயசு இருக்கும்?"

"தம்பிய விடச் சின்ன வயசுதானுங்க."

"எண்ணெய்ப் பலகாரம் விரும்பிச் சாப்பிடுவாருங்களா?"

"எங்க ஊட்டுல ஏதுங்க அதெல்லாம் அப்ப. களியும் கம்மஞ்சோறும்தான். பலகாரம்னா தீவாளிக்கு..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். மேடம் வேறு எதுவும் கேட்கவில்லை, விளக்கவும் இல்லை. பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். சாவித்திரியிடம் மீதி மாவைக் கொடுத்து, குழிக்கு எத்தனை சொட்டு எண்ணெய் என்று காட்டினார். அந்த ஈடு பாதி வெந்திருக்கும்போது ரங்கநாயகி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாவித்திரியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சாவித்திரி வடையைத் திருப்பிவிட்டுக்கொண்டே தலையை மட்டும் அசைத்தார்.

தட்டை வார்டுக்குச் சாவித்திரியே எடுத்துப்போகட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். நாங்கள் பின்னால் போனோம். கிருஷ்ணசாமி தட்டைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீ பண்ணினதா?"

"ம்."

ஒன்றைப் பிட்டு மென்றார். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் கெட்டியா இருக்குது. சோடா போடலையா?"

"போடக்கூடாதாமா."

"சட்னி எங்கே?"

திலகவதி மேடம் என் பக்கம் திரும்பி, "குத்தம் சொல்றாரு. பசி வந்துருச்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

அதன்பின் புண் ஆறியது. அதற்கு முட்டையும் மீனும் பருப்பும் மருந்தும் காரணம். வடையால் ஆறியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றைச் சாப்பிட வைத்தது எது என்று எனக்குத் தெரியும். ரங்கநாயகி காரமடைக்குத் திரும்பிப் போனார். கிருஷ்ணசாமி சிகரெட்டை விட்டார், பவுண்டரிக்குப் போக ஆரம்பித்தார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் சாவித்திரி எங்கள் அறைக்கும் வந்து ஏதாவது கேட்பார். வாழைக்காயை ஆவியில் வேகவைத்துவிட்டு வறுத்தால் எண்ணெய் குறைகிறதே, அது சரியா? முறுக்கு மாவைத் தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் போடலாமா? சிலவற்றுக்கு எங்களுக்கே விடை தெரியாமல் இருந்தது, அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த முறை சொல்வோம். தீபாவளிக்கு மட்டும் பழையபடி சட்டி நிறைய எண்ணெய் ஊற்றிச் சுட்டதாக ஒருமுறை சொன்னார். "சுட்டுக்கோங்க" என்றார் மேடம்.

சில ஆண்டுகள் நன்றாகப் போயின. தொண்ணூறுகள் முடிவதற்குள் ஒரு நாள், உலைக்குப் பக்கத்தில் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே கிருஷ்ணசாமிக்கு மறுபடி மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

மறுநாள் காலை திலகவதி மேடமும் நானும் வீட்டுக்குப் போனோம். நோயாளிகளின் வீட்டுத் துக்கத்துக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. அன்று மேடமே கிளம்பலாம் என்றார். பந்தலுக்குக் கீழே ஆண்கள், கூடத்தில் பெண்கள். சாவித்திரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண்கள் வறண்டிருந்தன. யார் வந்து தொட்டாலும் அசைவில்லை. மாடிப்படியில் அன்று பார்த்த அதே இருப்பு. நாங்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தோம்.

உறவுக்காரப் பெண் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஆப்பரேசன் பண்ணின ஒடம்பு. அதுக்கப்புறமும் வடையும் வறுவலும் நிக்கலையாமா அந்த ஊட்டுல. வாயக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு."

சாவித்திரியின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. எனக்கு எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மேடத்தைப் பார்த்தேன். அவரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி நிமிர்ந்தார். தெலுங்கில் பேசியிருக்கலாம். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் பேசினார்.

"எங்கப்பனும் இப்படித்தான் போனாரு, பலகாரத்தக் கண்ணுல பாக்காமயே. நான் எந்தம்பிக்கு எண்ணெயில்லாம ஆக்கிப்போட்டேன். அதுல அவன் எலும்பாத்தான் போனான். அவன எந்திரிச்சு நடக்க வெச்சது இவ. கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் இவ கையால ருசியாச் சாப்பிட்டுத்தான் போயிருக்கறான். அதப் பத்தி இந்த ஊட்டுல யாரும் பேச வேண்டாமுங்க."

அதுவரை அசையாமல் இருந்த சாவித்திரி நாத்தனாரின் பக்கம் சாய்ந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழத் தொடங்கினார்.

திலகவதி மேடம் என் கையைத் தொட்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. நாங்கள் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.